மெஷின் கோடிங் சுற்று: தேடல் பெட்டி சரியாக வேலை செய்தும் தேர்வாகவில்லை, எதைத்தான் பார்க்கிறார்கள்?

துரைப்பாக்கத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக ஃப்ரண்ட்-எண்ட் டெவலப்பராகப் பணிபுரிகிறேன். ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட் இரண்டும் அன்றாடம் கையில் புழங்குபவை. ப்ராடக்ட் நிறுவனத்துக்கு மாறும் எண்ணத்துடன் சில மாதங்களாக நேர்காணல்களில் கலந்துகொண்டு வருகிறேன். ஆன்லைன் தேர்விலும் ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படைகளைக் கேட்கும் முதல் சுற்றிலும் எனக்குப் பெரிய சிரமம் இருப்பதில்லை. ‘வார்’ கொண்டு எழுதிய லூப்புக்குள் செட்டைம்அவுட் வைத்தால் என்ன அச்சாகும், ப்ராமிஸ் முந்துமா டைமர் முந்துமா, க்ளோஷர் என்றால் என்ன என்பவற்றுக்கெல்லாம் விடை சொல்லிவிடுகிறேன். கொடுத்த நேரத்துக்குள் ஒரு சிறு திரைப்பகுதியை எழுதி இயக்கிக் காட்ட வேண்டிய மெஷின் கோடிங் சுற்றைத்தான் தாண்ட முடியவில்லை.

அண்மையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் பொருத்தமான ஊர்களைக் கீழே பட்டியலிடும் தேடல் பெட்டி ஒன்றை, வெளி லைப்ரரி எதையும் பயன்படுத்தாமல், 60 நிமிடங்களில் எழுதச் சொன்னார்கள். தரவுக்கான ஏபிஐ (சர்வரிடம் தரவு கேட்கும் வாயில்) முகவரியை அவர்களே கொடுத்தார்கள். தட்டச்சு 300 மில்லிவிநாடி நின்ற பிறகே கோரிக்கை அனுப்பும் டிபவுன்ஸ் வைத்து, பொருந்தும் எழுத்துகளைத் தடித்துக் காட்டி, ‘ஏற்றப்படுகிறது’ என்ற செய்தியும் சேர்த்து நேரத்துக்கு முன்பே முடித்தேன். நேர்காணல் எடுத்தவர் சில சொற்களைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இப்போது பட்டியலில் தெரிவது பெட்டியில் இருக்கும் சொல்லுக்கு உரியதுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். டிபவுன்ஸ் இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். அடுத்து, மவுஸைத் தொடாமல் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அதற்கான வசதியை நான் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வழக்கமான மறுப்பு மின்னஞ்சல் வந்தது. அதில் காரணம் எதுவும் இல்லை.

கேட்டதைச் செய்து காட்டிய பிறகு வேறு எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள்? அல்காரிதம் பயிற்சியைத் தொடர்வதா, அல்லது அந்த நேரத்தை இதில் செலவிடுவதா? நேர்காணல் எடுக்கும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

அடையாறு ஆலமரம் எழுதிய பதில்:

நண்பரே, எங்கள் நிறுவனத்தில் இந்தச் சுற்றைப் பல ஆண்டுகளாக நடத்துபவர்களில் நானும் ஒருவன். நீங்கள் குறிப்பிட்ட அதே தேடல் பெட்டியையே நாங்களும் கேட்கிறோம். பார்வைக்கு எளிதாக இருப்பதும் உள்ளே பள்ளங்கள் நிறைந்திருப்பதுமே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

உங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பயனர் ‘கோ’ என்று தட்டச்சு செய்து அரை விநாடி யோசிக்கிறார். பிறகு ‘வை’ சேர்க்கிறார். அரை விநாடி இடைவெளி இருப்பதால் உங்கள் 300 மில்லிவிநாடி டிபவுன்ஸ் இரண்டு கோரிக்கைகளையும் அனுப்பிவிடும். ‘கோ’ என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம் என்பதால் அந்தப் பதில் வர 900 மில்லிவிநாடி ஆகிறது என்றும், ‘கோவை’க்கான பதில் 200 மில்லிவிநாடியில் வந்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோரிக்கை 300-ஆவது மில்லிவிநாடியில் கிளம்பி 1200-இல் திரும்புகிறது. இரண்டாவது 800-இல் கிளம்பி 1000-இல் திரும்புகிறது. அதாவது, சரியான பட்டியல் திரையில் வந்து அமர்ந்த பிறகு, பழைய பதில் தாமதமாக வந்து அதன் மேல் எழுதிவிடுகிறது. பெட்டியில் ‘கோவை’ என்று இருக்க, கீழே கோவில்பட்டியும் கோத்தகிரியும் நிற்கும். டிபவுன்ஸ் என்பது கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே. பதில்கள் எந்த வரிசையில் வந்து சேரும் என்பதில் அதற்கு எந்தப் பிடியும் கிடையாது. உங்களிடம் எதிர்பார்த்த விடை இதுதான்.

இதற்குத் தீர்வு பெரிதல்ல. சொல் மாறும்போது ஓடும் ரியாக்டின் யூஸ்எஃபெக்ட் திருப்பி அனுப்பும் க்ளீனப் ஃபங்ஷனில் (அடுத்த முறை ஓடும் முன் பழையதைத் துடைப்பது), கோரிக்கையை நிறுத்தும் அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு பழைய கோரிக்கையை ரத்து செய்யலாம். அல்லது ‘இது பழையது’ என்று ஒரு கொடியை உயர்த்திவைத்து, பதில் வந்ததும் அதைப் பார்த்துப் புறக்கணிக்கலாம். ரத்து செய்யும் வழியை எடுத்தால், கோரிக்கையை அனுப்பும் ஃபெட்ச் ஒரு பிழையை வீசும் என்பதை மறக்கக் கூடாது. அதைப் பிடித்து, நாமே ரத்து செய்ததுதானா என்று பார்த்து, பயனருக்குக் காட்டாமல் விட வேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது இந்தக் கோளாறை வரவழைப்பது கடினம் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையான ஏபிஐக்குப் பதிலாக ஒரு போலி ஃபங்ஷன் எழுதி, சொல் குட்டையாக இருந்தால் 2 விநாடியும் நீளமாக இருந்தால் கால் விநாடியும் எடுத்துக்கொள்ளுமாறு வையுங்கள். ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும்.

நீங்கள் மவுஸால் சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் வசதி வைத்திருப்பீர்கள். பெட்டியை விட்டு வெளியே சென்றால் பட்டியல் மறைய வேண்டும் என்று பெட்டி ஃபோகஸை (தட்டச்சை ஏற்கும் நிலையை) இழக்கும்போது எழும் ப்ளர் நிகழ்வில் அதை மூடியும் இருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மவுஸ் பொத்தானை அழுத்திய கணத்திலேயே பெட்டி ஃபோகஸை இழக்கிறது, ப்ளர் ஓடுகிறது, பட்டியல் மறைகிறது. விரலை எடுக்கும்போது நிறைவேற வேண்டிய க்ளிக் விழுவதற்கு அங்கே எதுவும் இருப்பதில்லை. விண்ணப்பதாரர்கள் பலர் இந்த இடத்தில் செட்டைம்அவுட் போட்டு 200 மில்லிவிநாடி கழித்து மூடுகிறார்கள். மவுஸை மெதுவாக அழுத்தி எடுப்பவரிடம் அதுவும் தோற்றுப்போகும். பட்டியலின் மவுஸ்டவுன் நிகழ்வில் இயல்பான செயலைத் தடுத்துவிட்டால் ஃபோகஸ் பெட்டியிலேயே நிற்கும். ஒரே வரியில் முடிகிற வேலை. செட்டைம்அவுட் போட்டவரை நான் அதற்காகவே நிராகரிப்பதில்லை, ஆனால் “ஏன் 200?” என்று நிச்சயம் கேட்பேன்.

எழுத்துகளைத் தடித்துக் காட்டியதாகச் சொன்னீர்கள். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறியீடாக) மாற்றியிருந்தால், அவர் ஓர் அடைப்புக்குறியைத் திறந்த மாத்திரத்தில் பிழை எழுந்து பக்கமே வெண்மையாகிவிடும். விடையை எச்டிஎம்எல் சரமாக ஒட்டியிருந்தால் ஸ்கிரிப்ட் ஊடுருவலுக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள் என்று பொருள். சரத்தை மூன்றாக வெட்டி, நடுத்துண்டை மட்டும் ‘மார்க்’ குறியில் வைப்பது இரண்டையும் தவிர்க்கும்.

சிறியவை இரண்டைச் சொல்லிவிடுகிறேன். சர்வர் 500 என்ற பிழைக்குறியைப் பதிலாகச் சொன்னாலும் ஃபெட்ச் அதைப் பிழையாகக் கருதாது. ‘ஓகே’ பண்பை நாம்தான் சோதிக்க வேண்டும். 2022 மார்ச்சில் வெளிவந்த ரியாக்ட் 18 முதல், டெவலப்மென்ட் சூழலில், குறைகளைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்ட்ரிக்ட்மோட் ஒவ்வொரு எஃபெக்டையும் தொடக்கத்தில் இருமுறை ஓட்டிப் பார்க்கிறது. கோரிக்கை இரண்டு முறை போகிறதே என்று ஸ்ட்ரிக்ட்மோடை நீக்கிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கும், ஏனெனில் க்ளீனப் இல்லை என்பதைத்தான் அது நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இவை அனைத்தையும் 60 நிமிடங்களில் எழுதியவரை மட்டுமே எடுப்போம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி எழுதுபவர் அரிது. கேள்வி வரும்போது பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை அவரால் கண்டுகொள்ள முடிகிறதா என்பதையே பார்க்கிறோம். “டிபவுன்ஸ் இருக்கிறது” என்ற விடை, பிரச்சினை இருப்பதே தெரியவில்லை என்று எங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

---

வைகைக்கரை எழுதிய பதில்:

மேலே எழுதியவரின் விளக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் கேட்டு, அதன் ஒவ்வொரு பள்ளத்தையும் மனப்பாடமாக அறிந்தவர், அதை முதன்முறையாகப் பார்ப்பவரை ஒரு மணி நேரத்தில் எடைபோடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பதில் வேகமாக இருப்பவருக்கும், இதே பெட்டியைப் போன மாதம் வேறு நிறுவனத்தில் எழுதிவிட்டு வந்தவருக்கும் வேறுபாடு தெரிய வழியே இல்லை. நானும் நேர்காணல் எடுக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் முடிந்த நிரலைக் கொடுத்து, அதில் உள்ள கோளாறுகளைத் தேடச் சொல்கிறேன். அது எங்கள் அன்றாட வேலையோடு இன்னும் நெருங்கி நிற்கிறது.

கேள்வி கேட்டவருக்கு என் யோசனை இது. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள், நேரம் போதாமல் எதை விடப்போகிறீர்கள் என்பதை நிரலின் மேற்பகுதியில் கமென்டாக எழுதிவிடுங்கள். “விசைப்பலகை வசதி: நேரம் இருந்தால்” என்று ஒரு வரி இருந்திருந்தால், அவர் மவுஸைத் தொடாதே என்று சொன்ன கணத்தில் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்க மாட்டீர்கள். அதே செயலை அறியாமல் விடுவதும் அறிந்து தள்ளிவைப்பதும் மதிப்பீட்டுத் தாளில் வேறு வேறு இடங்களில் பதிவாகின்றன.

அல்காரிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான கோடிங் சுற்று வைக்கும் பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் அதைத் தவிர்க்க முடியாது. அப்படி இல்லாவிட்டால், அரே, ஹாஷ் மேப், ரிகர்ஷன், மரத்தைச் சுற்றிவருதல் ஆகிய அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய கமென்டுகளைக் காட்டுவது, கோப்புறைகளை விரித்து மூடுவது போன்ற மெஷின் கோடிங் கேள்விகளுக்கும் அதே மரம்தான் உதவுகிறது. டைனமிக் புரோகிராமிங்கில் செலவிடும் மாலைப்பொழுதுகளை சிஎஸ்எஸ்ஸுக்குக் கொடுங்கள். ‘ஸ்டிக்கி’ என்று எழுதியும் தலைப்பு ஒட்டாமல் நகர்ந்துபோவதற்கு, மேலே எங்கோ ஒரு பெற்றோர் எலிமென்ட்டில் ஓவர்ஃப்ளோவை ‘ஹிடன்’ என்று வைத்திருப்பது காரணமாக இருக்கலாம். இசட்-இண்டெக்ஸை 9999 ஆக்கியும் ஒரு பெட்டி மற்றொன்றின் கீழே பதுங்குகிறது என்றால், அதன் பெற்றோருக்குக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மோ குறைத்த ஒப்பாசிட்டியோ தனி அடுக்குச் சூழலை உருவாக்கியிருக்கக்கூடும். இவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் நான் பார்த்த வரையில் மிகக் குறைவு.

பழைய கேள்வித் தொகுப்புகளைக் கொண்டு படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பக்கத்தின் வேகம் பற்றிய கேள்விக்கு இன்னமும் எஃப்ஐடி (பயனரின் முதல் செயலுக்கு உலாவி வினையாற்றத் தொடங்க ஆகும் தாமதம்) என்றே விடை சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் அதன் இடத்தை ஐஎன்பி (பயனரின் செயலுக்குப் பின் திரையில் அடுத்த மாற்றம் தெரிய ஆகும் நேரம்) எடுத்துக்கொண்டது. 200 மில்லிவிநாடிக்குள் இருந்தால் அது நல்ல அளவாகக் கருதப்படுகிறது.

---

சிறுவாணி எழுதிய பதில்:

விசைப்பலகைப் பகுதியைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் டிசைன் சிஸ்டம் குழுவில் இருக்கிறேன்; எங்கள் வேலையே இத்தகைய பெட்டிகளைச் செய்வதுதான். வைகைக்கரை ஐயா அதைத் தள்ளிவைக்கலாம் என்ற பொருளில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மவுஸ் பிடிக்க இயலாதவர்களுக்கும் அது கூடுதல் வசதி அன்று. அது இல்லாவிட்டால் பெட்டியே இல்லை.

அம்புக்குறியைக் கீழே அழுத்தினால் அடுத்த ஊர் முன்னிறுத்தப்பட வேண்டும், என்டர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எஸ்கேப் பட்டியலை மூட வேண்டும். இதற்கு ஒவ்வொரு ஊரின் மீதும் ஃபோகஸை நகர்த்தத் தொடங்குபவர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனெனில் ஃபோகஸ் பெட்டியை விட்டு நகர்ந்துவிட்டால் பயனர் அடுத்த எழுத்தைத் தட்டச்சு செய்ய முடியாது. ஃபோகஸ் பெட்டியிலேயே இருக்க வேண்டும். எந்த ஊர் முன்னிற்கிறது என்பதை ‘ஏரியா-ஆக்டிவ்டிசெண்டன்ட்’ என்ற பண்பின் வழியாக, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிவிக்க வேண்டும். பெட்டிக்கு ‘காம்போபாக்ஸ்’, பட்டியலுக்கு ‘லிஸ்ட்பாக்ஸ்’, ஒவ்வொரு வரிக்கும் ‘ஆப்ஷன்’ என்று ரோல் கொடுத்து, பட்டியல் திறந்திருக்கிறதா என்பதையும் குறிக்க வேண்டும். ஸ்டேட்டில் ஓர் எண்ணும் சுவிட்ச் போன்ற ஒரு ஃபங்ஷனுமே இதற்குப் போதும். கேட்டதை எழுதி முடித்து மிச்சமிருந்த உங்கள் நேரத்துக்குள் இது அடங்கியிருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களையும் கருதிப் பாருங்கள். ஒலிப்பு முறை விசைப்பலகைகள் சிலவற்றில் சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போது அழுத்தப்படும் என்டர், அந்தச் சொல்லை உறுதிசெய்வதற்கானது. அதைப் பிடித்து நாம் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பயனர் திகைத்துப்போவார். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் ‘இஸ்கம்போசிங்’ பண்பைச் சோதித்துவிட்டால் அது நடக்காது. மூன்று எழுத்துக்குக் குறைந்தால் தேடாதே என்று, சரத்தின் நீளத்தைத் தரும் லெங்த்தை வைத்து நிபந்தனை எழுதுபவர்களும் உண்டு. ‘கோவை’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது நான்கு. ‘மதுரை’ நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. எழுத்தைத்தான் எண்ண வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டின் மொழி வசதிகளுக்கான Intl தொகுப்பில் உள்ள, சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் செக்மென்டரைப் பயன்படுத்த வேண்டும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125-உம் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகு முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது. இதை நேர்காணலில் யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைக்கலாம். இந்திய மொழிகளில் தேடல் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால், நீங்களாகவே அதைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று: பரிந்துரைப் பட்டியல் காட்ட எச்டிஎம்எல்லிலேயே ‘டேட்டாலிஸ்ட்’ இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். தோற்றத்தை விருப்பம்போல் மாற்ற முடியாது, உலாவிக்கு உலாவி நடத்தை மாறுகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் பதில் கிடைத்த பிறகு எழுதத் தொடங்குவது நல்லது.

---

துரைப்பாக்கத்தான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆலமரம் ஐயா சொன்ன போலி ஃபங்ஷனை எழுதி, சொல் குட்டையாக இருந்தால் தாமதமாக வருமாறு வைத்துப் பார்த்தேன். என் பழைய நிரலில் தவறான பட்டியல் உடனே வந்துவிட்டது. உண்மையான ஏபிஐக்கு மாற்றி, அபார்ட்கன்ட்ரோலர் சேர்த்தபின் பட்டியல் சரியாகவே நிற்கிறது. ஆனால் ஒரு புதிய தொல்லை. முதல் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அடுத்த எழுத்தைத் தட்டினால், ‘ஏற்றப்படுகிறது’ என்ற செய்தி ஒரு கணம் வந்து மறைந்துவிடுகிறது. இரண்டாவது பதில் வரும் வரை பெட்டியின் கீழே வெற்றிடமாக இருக்கிறது. ரத்தான பிழையை கேட்ச் பகுதியில் புறக்கணித்துவிட்டேன். ஏற்றத்தை நிறுத்தும் வரி ஃபைனலி பகுதியில் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

---

அடையாறு ஆலமரம் எழுதிய பதில்:

பார்க்க வேண்டிய இடத்தை நீங்களே கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் சொல்லிவிட்டீர்கள். ஃபைனலி என்பது வெற்றி, தோல்வி, ரத்து என எது நடந்தாலும் ஓடும். புதிய சொல்லுக்கான எஃபெக்ட் தொடங்கும்போது முதலில் பழையதன் க்ளீனப் ஓடி, முதல் கோரிக்கை ரத்தாகிறது. உடனே புதிய எஃபெக்ட் ஏற்றத்தை ‘உண்மை’ என்று வைக்கிறது. ரத்தான ப்ராமிஸின் கேட்சும் ஃபைனலியும் மைக்ரோடாஸ்க் வரிசையில் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முடிந்தபின் ஓடக் காத்திருப்பவை) நின்று அதற்குப் பிறகுதான் ஓடுகின்றன. ஆகவே இறந்துபோன முதல் கோரிக்கை, உயிரோடிருக்கும் இரண்டாவதன் ஏற்றச் செய்தியை அணைத்துவிட்டுப் போகிறது. ப்ராமிஸ் முந்துமா டைமர் முந்துமா என்ற கேள்விக்கு விடை தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அதே வரிசைதான் இங்கும் வேலை செய்கிறது.

ஃபைனலிக்குள் அந்தக் கோரிக்கையின் அபார்ட்கன்ட்ரோலர் சிக்னல் ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்து, ஆகாதிருந்தால் மட்டும் ஏற்றத்தை நிறுத்துங்கள். பெட்டி காலியானால் புதிய கோரிக்கை எதுவும் கிளம்பாது என்பதால், அந்த இடத்தில் ஏற்றத்தை நீங்களே கையால் நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் செய்தி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் செய்துவிட்டு, ‘கோவை’ என்று தட்டி, பதில் வருமுன் எல்லாவற்றையும் அழித்துப் பாருங்கள். உங்களை நேர்காணல் செய்திருந்தால் அடுத்ததாக நான் அழுத்தச் சொல்லியிருப்பது பேக்ஸ்பேஸைத்தான்.